இபுவுக்குப் போன ஜாப்

விசாரணை நடந்த மூன்று நாளும் அய்யாக்கண்ணுவை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய மனக்குறை இதுதான். இன்றைக்கும் அது ஆறவில்லை. கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து டை கட்டிக்கொண்டு மூன்று பேர் வந்து, தொழிற்சாலையின் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர் அறை ஆட்கள் அத்தனை பேரையும் கேட்டார்கள். ஏர்கோன் பழுது பார்க்க வந்தவரைக்கூட விட்டுவைக்கவில்லை. கீழ்த்தளத்துப் பிரிண்டர் அறையில், அத்தனை கடிதத்தையும் அச்சடித்து உறையிலிட்டு ஒட்டியவன் ஒருவன் இருக்கிறானே, அவனையும் கேட்போம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேப்பர் போடுகிறவனுக்கு என்ன தெரியும் என்று அவர்களில் ஒருவர் மலாயில் சொன்னதாக, தேநீர் கொண்டுபோன காமாரியா இறங்கி வந்து சொன்னாள்.

கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது வேறு சங்கதி. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் ஏழு வருடம் காத்திருந்தார். அவர் பெயர் விநாசித்தம்பி.

விநாசித்தம்பி யாழ்ப்பாணத்து வழி. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகன் பிறந்தது பட்டர்வொர்த் ரயில்வே குவார்ட்டர்ஸில். படிப்பு முடிந்ததும் துறைமுக அலுவலகத்தில், துளை போட்ட அட்டைகளைப் பிரித்து அடுக்கும் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தார். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வயல்களில் தொழிற்சாலைகள் முளைத்த காலத்தில், எழுபத்து மூன்றில், மின்னணுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்கு மாறினார். அங்கே அலமாரி அலமாரியாக நின்ற பெரிய கம்ப்யூட்டருக்கு அவர்தான் தலைமை ஆபரேட்டர். அறை எப்போதும் குளிர் என்பதால் வெள்ளைச் சட்டைமேல் பழுப்புக் கம்பளிச் சட்டை ஒன்று போட்டிருப்பார். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. ஆயர் ஈத்தாமில் வரிசை வீடு, மனைவி கமலாம்பிகை, பிள்ளை கிடையாது. காலையில் எந்த பஸ்ஸில் வந்தாரோ அதே நம்பர் பஸ்ஸில்தான் திரும்பிப் போவார். நடுவில் ஒரு கடையில் இறங்கி ஒரு கோப்பி குடித்ததாகக்கூட யாரும் பார்த்ததில்லை.

அய்யாக்கண்ணு கெப்பாலா பத்தாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப் பள்ளியில் நாலு வகுப்பு. தோட்டத்தில் தினமும் விடியற்காலை வருகைப் புத்தகத்தில் அவன் அப்பாவுக்குப் பேர் போட்டதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணிதான். அஞ்சு நிமிடம் பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. அந்தக் கணக்கு அய்யாக்கண்ணுவின் ரத்தத்தில் இருந்தது. நேரில் விநாசித்தம்பியைச் சார் என்பான், முதுகுக்குப் பின்னால் கிராணி என்பான். அவரும் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காணும் என்பார், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் ஒருமுறை நேருக்கு நேர் முட்டிக்கொண்டது. ஷிப்ட் மாற்றக் கடிதங்கள் அச்சாகிற நேரம், பிரிண்டர் கேட்ட காகிதம் தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அய்யாக்கண்ணு நிறுத்தி வைத்தான். காகிதம் தப்பில்லை. இரண்டு மணி நேரம் பிந்திப் போனது. விநாசித்தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, கடிதம் வாங்கிப்போக வந்திருந்த பெண்பிள்ளைகள் பார்க்க, அவனை நிறுத்திவைத்துப் பேசினார்.

"பேப்பர் போடுறதுதான் உமக்கு வேலை, காணும். மெஷின் கேக்கிறதைக் குடும். யோசிக்கிறதுக்கு மேல ஆக்கள் இருக்கினம்."

"அப்ப யோசிக்கிறவங்களே கீழ வந்து பெட்டியையும் தூக்கலாம்லா சார்" என்றான் அய்யாக்கண்ணு.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மெஷின் கேட்டதைக் கொடுப்பது என்பதை அவன் வைராக்கியமாகவே பிடித்துக்கொண்டான்.

எண்பத்திரண்டில் பினாங்கு மெஷினையும் கோலாலம்பூர் மெஷின்களையும் டெலிபோன் லைன் வழியாக இணைத்தார்கள். இங்கே இருந்துகொண்டே அங்கே இருக்கிற மெஷினுக்கு வேலை அனுப்பலாம். அந்த வேலைக்கு ஜாப் என்று பெயர். லைனில் இருக்கிற ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட். ஜாப்பின் தலையில், இதை எந்த நோட்டில் ஓட்டவேண்டும் என்று ஒரு வரி எழுதவேண்டும். ஓடி முடிந்ததும் அச்சடிக்க வேண்டியதெல்லாம் அனுப்பிய இடத்துக்கே திரும்பி வரும். கம்பெனி ஒவ்வொரு நோட்டுக்கும் மலாயில் பெயர் வைத்திருந்தது. பினாங்கில் இருந்தது புலாவ், அதாவது தீவு. கோலாலம்பூரில் இரண்டு. ஒன்று இபு, அதாவது தாய். தொழிலாளிகள் எல்லாருடைய உண்மையான பதிவும் அதில்தான். மற்றது அனாக், பிள்ளை. தாயின் பதிவின் ஒரு நகலை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிற மெஷின். அனாக்கில் நூறு பேரின் தலையை வெட்டினாலும் இபுவில் ஒருவருக்கும் தலைவலி வராது என்பார் விநாசித்தம்பி. அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான் என்று மேல்மாடியில் பேசிக்கொள்வார்கள்.

பெயரோடு ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு எண்ணும் உண்டு. புலாவ் ஒன்று, இபு இரண்டு, அனாக் மூன்று. பெயரை எழுதினாலும் போகும், எண்ணை எழுதினாலும் போகும். அதிகாரிகளுக்கு எண்தான் பிடிக்கும், ஒரே எழுத்தோடு தீர்ந்தது. விநாசித்தம்பிக்கு அது ஆகாது. எண் என்பது கதவில் ஒட்டிய தாள், யாரும் மாற்றி ஒட்டலாம் என்பார். ஜாப் அனுப்புமுன் தன் திரையில் ஒரு கட்டளை அடித்து, லைனில் இப்போது யார் யார், எந்த எண் யாருடையது என்ற பட்டியலை மெஷினிடமே கேட்பார். பதில் வர அரை நிமிடம் ஆகும். அதைப் பார்த்துவிட்டுப் பெயரைத்தான் எழுதுவார். 'அனுப்புமுன் பட்டியலைக் கேள். பெயரால் அனுப்பு' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தன் கையெழுத்தும் போட்டுத் திரைக்கு மேலே ஒட்டியும் வைத்தார்.

எண்பத்தாறில் வேலைகள் சுருங்கின. பாயான் லெப்பாஸ் முழுக்க ஆட்குறைப்புப் பேச்சு. இந்தக் கம்பெனியும் யாரை நிறுத்தலாம் என்று பார்க்க ஒரு வரைவுப் பட்டியல் போட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். அத்தனை பேரையும் அனுப்புகிற எண்ணம் கிடையாது. அதில் சலித்து எழுபது பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதற்குமுன் அனாக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கடிதங்கள் எப்படி வருகின்றன என்று பார்க்கவேண்டும். இந்த வேலையை ஏற்றவர் ஆனந்தராஜா. கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி, கமலாம்பிகையின் அண்ணன் மகன். விநாசித்தம்பி சொல்லித்தான் அங்கே வேலைக்கே வந்தவர்.

அந்த வருடம் தைப்பூசம் ஒரு வியாழக்கிழமை. பினாங்கில் விடுமுறை, கோலாலம்பூரில் விடுமுறை இல்லை. அய்யாக்கண்ணு தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுத்தான். விநாசித்தம்பி வழக்கம்போல ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தார். பினாங்கு அறை காலி, யாருக்கும் தொந்தரவில்லை என்று அதே நாளில் கோலாலம்பூர் ஆட்கள் சிங்கப்பூரில் புதிதாக வைத்த மெஷினை லைனில் சேர்த்தார்கள். அதற்குச் செலாட், அதாவது ஜலசந்தி என்று பெயர். இரண்டாம் எண்ணை அதற்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஒவ்வொரு படி தள்ளி வைத்தார்கள். இபு மூன்றானது, அனாக் நாலானது. பினாங்கு மெஷினில் செய்யவேண்டிய மாற்றத்தையும் அங்கிருந்தபடியே செய்துவிட்டு, டெலெக்ஸில் ஒரு தகவலும் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை வந்த டெலெக்ஸ் குமாஸ்தா அதைக் கிழித்து ஆனந்தராஜாவின் மேசைத் தட்டில் வைத்தார். ஆனந்தராஜா அதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க லைன் விழுந்து கிடந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்தது. பன்னிரண்டேகாலுக்கு ஜும்ஆத் தொழுகைக்காக மேல்மாடியில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், பிறகு மூன்று மணிவரை ஒன்றும் நடக்காது. ஆனந்தராஜா நாற்காலிக்குப் பின்னால் நின்று, பெர்சனல் மானேஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் மாமா என்று அரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் நோட் என்ற இடத்தில் மூன்று என்று இருந்தது. விநாசித்தம்பி பட்டியலைக் கேட்கும் கட்டளையை அடித்தார். லைன் அப்போதுதான் எழுந்திருந்ததால் பதில் வரத் தாமதித்தது. மூணுதானே மாமா, எப்பவும் மூணுதானே என்றார் ஆனந்தராஜா. விநாசித்தம்பி கட்டளையை வெட்டிவிட்டு மூன்றை அடித்து அனுப்பினார்.

அனுப்பியதும் பிரிண்டர் அறைக்கு டெலிபோன் எடுத்தார். பெர்சனல் பிரிவின் ஒத்திகை ஒன்று பின்னேரம் வரும், வெள்ளைத் தாள், உறையில் போடவேண்டாம், கட்டி ஆனந்தராஜாவிடம் கொடுத்துவிடும் என்றார். அய்யாக்கண்ணு சரி சார் என்றான். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து அவர் பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாற்பதுக்குப் பிரிண்டர் நின்றது. அதன் சிறிய கண்ணாடியில் 07 என்று எழுந்தது. ஏழு என்றால் கம்பெனி முத்திரை போட்ட கடிதத் தாள். ஏழாம் தாளில் வருவதெல்லாம் மடித்து, உறையிலிட்டு, ஒட்டி, ஒவ்வொரு உற்பத்தி லைன் லீடரின் பெட்டிக்கும் நேரே போகவேண்டும். அது அந்த அறையின் சட்டம். அனாக்கிலிருந்து வருவது எதுவும் ஏழாம் தாள் கேட்காது. எதை அனுப்பினாலும் ஒன்றாம் தாள், வரிபோட்ட வெள்ளைத் தாள்தான். நாலு வருடமாகத் தினமும் அதைப் பார்த்தவன் அய்யாக்கண்ணு. ஒத்திகை என்று மத்தியானம் காதால் வேறு கேட்டிருந்தான்.

ஏழாம் தாள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் நின்றான். சுவரில் டெலிபோன் இருந்தது. மேலே ஆனந்தராஜா இருந்தார். எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவனுக்கு அந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. யோசிக்கிறதுக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா. ஒத்திகைக்குக் கடிதத் தாளை வீணாக்கினதற்காகத் திங்கட்கிழமை கிராணி மானேஜரிடம் நன்றாக வாங்கட்டும். அவன் நினைத்தது அவ்வளவுதான். தாளை மாட்டிப் பொத்தானை அமுக்கினான்.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். ஆங்கிலம் என்பதால் அவன் எழுத்துக்கூட்டவில்லை. பிரிக்கிற மெஷின், மடிக்கிற மெஷின், ஒட்டுகிற மெஷின் என்று வரிசையாகத் தள்ளி, வண்டியில் வைத்து லைன் லீடர்கள் பெட்டியில் போட்டுவிட்டு அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடித்தான்.

சனிக்கிழமை காலை ஷிப்டில் கடிதங்கள் கைக்குக் கை போயின. பத்து மணிக்கெல்லாம் தொழிற்சாலை வாசலில் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இபுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பதிவும் முந்திய நாளே அடிபட்டுப் போயிருந்தது. தலைமையகம் ஒரு நாள் யோசித்தது. ஆட்குறைப்புத்தான் எப்படியும் செய்யவேண்டும், கடிதமும் போய்விட்டது, போனது போனபடி இருக்கட்டும் என்று முடிவு செய்தது. அவர்கள் இல்லாமல் உற்பத்தி லைன் நடக்காது என்று நாற்பது பேரை மட்டும் திரும்பக் கூப்பிட்டது. மைக்ரோஸ்கோப் லைனில் அஞ்சு வருடம் வேலை செய்த ருக்குமணியைக் கூப்பிடவில்லை. ருக்குமணி அய்யாக்கண்ணுவின் தங்கை. இருபத்து மூன்று வயது. கெப்பாலா பத்தாஸில் அம்மா அவள் கையைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டினாள்.

அவள் அழவில்லை. கடிதத்தை நீட்டினாள்.

"இது யாரு செஞ்சது அண்ணே?"

"விநாசித்தம்பி சார். தப்பான மெஷினுக்கு அனுப்பிட்டாரு."

"நீதானே இதெல்லாம் உறையில போடுவே?"

"நான் பேப்பர் போடுறவன்லா. எனக்கு என்ன தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அவள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கு பஸ் ஏறினாள். விநாசித்தம்பி வீட்டுக் கேட் முன்னால் ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வீசினாள். இந்த வீட்டில் விளக்கு எரியாமல் போகட்டும் என்று சாபம் விட்டாள். கமலாம்பிகை துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். விநாசித்தம்பி பனியனோடு கதவு நிலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

விசாரணையில் ஆனந்தராஜா, தான் அனாக் என்று பெயரைத்தான் எழுதியதாகச் சொன்னார். அந்தத் தாளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. டெலெக்ஸ் தட்டில் இருந்ததே என்று விநாசித்தம்பி கேட்டதற்கு, திரைக்குமேல் அவர் ஒட்டிய தாளைப் பிய்த்து வந்து மேசையில் வைத்தார்கள். இது உங்கள் கையெழுத்தா, பட்டியலைக் கேட்டீர்களா என்று கேட்டார்கள். கேட்கத் தொடங்கி வெட்டிவிட்டேன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒத்திகை என்று பிரிண்டர் அறைக்குச் சொல்லியிருந்தேன், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதற்குத்தான் அந்தப் பேப்பர் போடுகிறவன் பேச்சு வந்தது.

ஐம்பத்து மூன்று வயதில், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்க, அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைசி நாள் கம்பளிச் சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பிரிண்டர் அறைக்கு வந்தார். தாள் பிரிக்கிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அய்யாக்கண்ணு அதை நிறுத்தவில்லை.

"ஒத்திகை எண்டு நான் உமக்குச் சொன்னனான்தானே?"

"அவங்க என்னைக் கேக்கலையே சார்."

"கேக்காட்டி என்ன? போய்ச் சொல்லலாம்தானே?"

அய்யாக்கண்ணு அடுத்த கட்டை மெஷினில் வைத்தான். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு விநாசித்தம்பி சூலியா தெருவில் முகம்மது என்பவரின் கடை மூலையில் ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்தார். பாஸ்போர்ட் விண்ணப்பம், பிறப்புப் பத்திரம், ஊருக்குக் கடிதம் என்று அந்தத் தெருவுக்கு வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பார். உறைமேல் விலாசம் அடிக்குமுன் பெயரை இரண்டுதரம் சொல்ல வைப்பார். வீட்டு நம்பரை மட்டும் சொன்னால் அடிக்கமாட்டார். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், பெயர் என்ன என்று நோண்டுவார். அவசரத்தில் வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். முகம்மது, பெரியவர் அப்படித்தான், பொறுத்துக்கோங்க பாய் என்று சமாதானம் சொல்வார்.

அதே தெருவில் நாசி கண்டார் சாப்பிட வருகிற அய்யாக்கண்ணு அந்தக் கடை வந்தால் எதிர்ப்பக்கத்து ஐந்தடி நடைபாதையில் நடப்பான். ஒரே ஒரு தடவை, மகளின் அடையாளக் கார்டு விண்ணப்பத்துக்காக அவர் முன்னால் போய் உட்கார நேர்ந்தது. அவனைத் தெரியாதவர் மாதிரியே மகள் பெயரை இரண்டு முறை சொல்ல வைத்து அடித்துக் கொடுத்தார். எழுந்தபோது, தங்கச்சி எப்படி இருக்கிறா என்று மட்டும் கேட்டார்.

தங்கை நன்றாக இல்லை. பட்டர்வொர்த்தில் இறால் உரிக்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. பேசி வைத்திருந்த கல்யாணம், வேலை போனதும் நின்றுபோனது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வருவாள், மகளுக்குச் சட்டை கொடுப்பாள், அவனோடு அளவாகத்தான் பேசுவாள். இத்தனைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒரு பெயர்தான். அந்தப் பெயரை அவன்தான் கொடுத்திருந்தான். அவரிடம் இதில் எதையும் சொல்லாமல், இருக்கா சார் என்றான்.

கமலாம்பிகையைப் பற்றி முகம்மதுதான் பிறகு அவனிடம் சொன்னார். மண் விழுந்த நாளிலிருந்து அந்த அம்மாள் சாமி விளக்கை அணையவிட்டதில்லையாம். பகலும் இரவும் எரியவேண்டும். எண்ணெய் இருக்கிறதா, திரி கருகியதா என்று மணிக்கொருதரம் எழுந்து பார்ப்பாள். விநாசித்தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாபம் எல்லாம் படிக்காத சனத்தின் பேச்சு என்றார், கோபித்தும் பார்த்தார். நாலு வருடம் ஒழுங்கான தூக்கமில்லாமல், தொண்ணூறில், எண்ணெய்ப் போத்தலோடு விளக்குக்கு முன்னாலேயே விழுந்தாள். திரும்ப எழவில்லை. கொள்ளி வைத்தது விநாசித்தம்பி. ஆனந்தராஜா மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

தொண்ணூற்று மூன்றில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை முகம்மது தொழிற்சாலைக்கு டெலிபோன் எடுத்து, பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உங்களைத்தான் கேட்கிறார் என்றார். அய்யாக்கண்ணுவுக்குப் போகாமலிருக்க ஆயிரம் காரணம் தோன்றியது. ஒரு மணி ஷிப்ட் முடிந்ததும் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனான்.

முகமும் காலும் வீங்கி, தலையணையில் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. அவனைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டினார். ஆரஞ்சு தனக்கு ஆகாது, பக்கத்துக் கட்டிலுக்குக் கொடும் என்றார். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"அண்டைக்கு ஏழாம் தாள் கேட்டதுதானே?"

ஏழு வருடத்தில் இந்தக் கேள்வியை அவனிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"கேட்டுச்சு சார்."

"அனாக் ஏழு கேக்காதெண்டு உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிறகேன் போட்டனீர்?"

பெண்பிள்ளைகள் முன்னால் ஏசியதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"நீங்க மானேஜர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கணும்னு போட்டேன் சார். இப்படி ஆகும்னு நெனைக்கலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அய்யாக்கண்ணு எழப்போனான். மூடிய கண்ணோடேயே பேசினார்.

"சனிக்கிழமையே எனக்கு விளங்கிட்டுது. ஒட்டின உறையில கடிதம் போயிருக்கெண்டா ஏழாம் தாள்தான். நீர் வந்து சொல்லுவீரெண்டு இருந்தன். பிறகு பாத்தன், நான் அந்தப் பட்டியலை வெட்டாம இருந்திருந்தா உமக்கு அந்த வேலையே வந்திராது. அரை நிமிசம், காணும். அவன் பின்னால நிண்டு அரிச்சான் எண்டுட்டு வெட்டினன்."

"நான் இப்ப போய்ச் சொல்றேன் சார். கம்பெனிக்கு எழுதிக் குடுக்குறேன். கையெழுத்துப் போடுறேன்."

"ஆருக்கு எழுதப் போறீர்? அந்த மெஷினையே பழைய இரும்புக்கு வித்திட்டினம். வந்த மூண்டு பேரும் எங்க இருக்கினமோ. ஆனந்தராஜா ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டான். கம்பெனியில இப்ப என்ர பேரைக் கேட்டா ஆரெண்டு கேப்பினம்."

நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதிகம் பேசவிடாதீர்கள் என்று மலாயில் சொல்லிப் போனாள். அவர் அவள் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு அவன் பக்கம் தலையைத் திருப்பி, முதல்முதலாக அவன் பெயரைச் சொன்னார்.

"அய்யாக்கண்ணு, உம்மட தங்கச்சியிட்டப் போம். பட்டியலைப் பாக்காம அனுப்பினது நான், தெரிஞ்சுகொண்டு தாள் போட்டது நீர், ரெண்டையும் சொல்லும். என்னை விட்டுடச் சொல்லிக் கேக்க வேண்டாம். அவ எங்கட வீட்டில மண் எறிஞ்சதுக்கு நான் கோவிக்கேல்ல எண்டும் சொல்லும். என்ர மனுசி ஒரு குற்றமும் செய்யேல்ல. ஏசுறதெண்டா எங்கள் ரெண்டு பேரையும் பேர் சொல்லி ஏசட்டும், அவவை விட்டிரட்டும். இண்டைக்கே போம். இப்ப வெளிக்கிட்டா பட்டர்வொர்த்துக்குப் போற மூண்டு மணி ஃபெரியைப் பிடிக்கலாம்."